தேங்காய் இளைத்த வெள்ளிக்கிழமை

பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் பக்கம் நடக்கிற கூட்டத்தில் பாதிப் பேர் காதில் எதையாவது மாட்டிக்கொண்டிருப்பார்கள். மீதிப் பேர் போனில் யாரையாவது திட்டிக்கொண்டிருப்பார்கள். சுரேகா இரண்டிலும் சேர்த்தி இல்லை. வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டே போவாள். சாமி பாட்டு என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். முந்தின நாள் எழுதிய புரோகிராமை வரி வரியாக மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பது அவள் வழக்கம். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு பயம், எங்காவது தப்பு விட்டிருப்போமோ என்று.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. வெள்ளானூரில் பிறந்தவள். ஆவடியில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்து, ஒரு சின்னக் கம்பெனியில் கொஞ்ச காலம் குப்பை கொட்டினாள். அப்புறம் கல்யாணம், அண்ணனூரில் குடித்தனம், அடுத்தடுத்து இரண்டு பிள்ளைகள். சின்னவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் தலையை நிமிர்த்திப் பார்த்தால் பத்து வருஷம் போன இடம் தெரியவில்லை. மறுபடி வேலை தேடிப் போன இடத்திலெல்லாம் ஒரே கேள்வி: "இத்தனை வருஷம் என்ன பண்ணீங்க?" ஏதோ ஜெயிலுக்குப் போய்விட்டு வந்தவளைக் கேட்கிற மாதிரி கேட்பார்கள். இரண்டு பிள்ளைகளைப் பெற்று ஆளாக்குவது வேலைக் கணக்கில் வராதாம். எந்த ஊர் நியாயமோ.

பக்தவத்சலம் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. எஸ்டேட்டின் ஒரு சந்தில் எடை மெஷின் செய்கிற கம்பெனி அவருடையது. கம்பெனி என்றால் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஒரு ஷெட், ஏழெட்டுப் பேர், ஓயாமல் கத்துகிற ஒரு முதலாளி, அவ்வளவுதான்.

"சி தெரியுமாம்மா?" என்றார். புரோகிராம் எழுதுகிற மொழியைத்தான் கேட்டார்.

"மறந்திருக்கும் சார். திரும்பப் படிச்சிடுவேன்."

"மறந்திருக்கும்னு உண்மைய சொன்ன மொத ஆளு நீதான். திங்கக்கெழம வா. மொத மெஷின் நல்லா வந்துச்சின்னா இங்கயே இரு. இல்லன்னா ஒனக்கும் மனஸ்தாபம் வேணாம், எனக்கும் வேணாம்."

அந்தத் திங்கட்கிழமையை நினைத்தால் சுரேகாவுக்கு இப்போதும் கண் கலங்கும். அவள் மறுபடி சி படித்தது சமையல்கட்டு மேடையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டுதான். அண்ணனூர் ரயில் ஷெட்டில் ஃபிட்டராக இருக்கிற அவள் புருஷன் தமிழரசு, ட்யூட்டி முடிந்து வந்து தோசை ஊற்றுவான், பிள்ளைகளை வீட்டுப்பாடம் எழுத உட்கார வைப்பான், கிண்டலும் செய்வான்: "எங்கூட பேசறதவிட அந்தப் பொட்டியோடதான் அதிகம் பேசிகினு கீற." கிண்டல் வாயில்தான், கை தோசையைத் திருப்பிக்கொண்டே இருக்கும்.

அவளுக்குக் கிடைத்த முதல் மெஷின் சாதாரணமானது இல்லை. கறிக்கடைக்கும் காய்கறிக் கடைக்கும் தராசு செய்துகொண்டிருந்த கம்பெனிக்கு, பூந்தமல்லிப் பக்கம் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து, பிறந்த குழந்தைகளை நிறுக்கிற மெஷின் ஒன்று வேண்டும் என்று கேட்டு வந்திருந்தது. நிறுத்ததும் ஒரு சின்னச் சீட்டு அச்சாகி வெளியே வர வேண்டும். கட்டில் எண் ஒரு வரி. கீழே இன்னொரு வரியில் இப்போதைய எடையும், போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் உள்ள வித்தியாசமும். 'மாற்றம்' என்ற அந்தக் கடைசி எண்ணைப் பிடிவாதமாகக் கேட்டது அந்த வார்டு நர்ஸ் ஜோதிகா.

"எடைய எல்லா மெஷினும்தான் காட்டுது மேடம்," என்றாள் அவள், விவரம் கேட்கப் போன சுரேகாவிடம். "பொறந்த கொழந்தைக்கு மொத ரெண்டு மூணு நாள் கொஞ்சம் எடை கொறையும், அது சகஜம். ரொம்ப கொறைஞ்சா பால் பத்தலன்னு அர்த்தம். ட்யூட்டி மாறிகினே இருக்கும், வார்டு ஃபுல்லா கீது, நேத்து சீட்ட தேடிப் புடிச்சி யாரு கழிச்சிப் பாக்கறது? மெஷினே சொல்லிட்டா எங்களுக்கு நிம்மதி."

சுரேகா அதைக் குறித்துக்கொண்டாள். மூத்தவன் பிறந்தபோது அவன் விடாமல் அழுததும், "கொழந்தன்னா அழத்தான் செய்யும்" என்று ஆளாளுக்குச் சொன்னதும், பாவம், அது பசி என்று கடைசியில் தெரிந்ததும் அவளுக்கு ஞாபகம் வந்தது. இந்த மெஷின் சரியாக வந்துவிட வேண்டும் என்று அன்றைக்கே மனசுக்குள் வேண்டிக்கொண்டாள்.

எழுதினாள். முதலில் வீட்டு லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்தாள், கணக்கு அச்சுப் பிசகாமல் வந்தது. பிறகு மெஷினுக்குள் இருக்கிற சின்ன போர்டில் ஏற்றி, ஷெட்டில் வைத்துச் சோதித்தார்கள். சோதனைக்கு முத்திரை குத்திய இரண்டு கிலோ எடைக்கல் இருந்தது. அதை வைப்பார்கள், எடுப்பார்கள், மறுபடி வைப்பார்கள். சீட்டில் எடை 2000, மாற்றம் 0. எத்தனை தடவை வைத்தாலும் எடை 2000, மாற்றம் 0. பக்தவத்சலம் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போனார். கல் இளைக்கவா போகிறது, பூஜ்யம் வருவதுதானே சரி?

மெஷின் புறப்படுகிற வெள்ளிக்கிழமை வந்தது. வாசலில் குட்டியானை லோடு வண்டி நின்றது. பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்குள் வண்டி கிளம்ப வேண்டும் என்று நாகவல்லி எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தாள். மெஷின்களைக் கோர்த்துப் பெட்டியில் அடைக்கிற வேலை அவளுடையது. கம்பெனியிலேயே பழைய ஆள். பூஜை போடாமல் எந்த மெஷினும் அந்த ஷெட் வாசலைத் தாண்டாது என்பது அவள் வைத்த சட்டம். எடை மெஷின் என்பதால் அதில் ஒரு தனி வழக்கமும் உண்டு. உடைக்கப்போகிற தேங்காயை முதலில் அந்த மெஷினில் வைத்து நிறுப்பார்கள். "மொத போணி சாமிக்கு" என்பாள் நாகவல்லி.

குங்குமப் பொட்டு வைத்தார்கள். தேங்காயைக் குழந்தை படுக்கிற தட்டில் படுக்க வைத்தாள் நாகவல்லி. சுரேகா கட்டில் எண் ஒன்று என்று அமுக்கினாள். எடை 612. சீட்டைக் கிழித்து முருகர் படத்துக்கு அடியில் செருகினார்கள். கற்பூரம் காட்டி, தேங்காயை உடைத்து, தண்ணீரைச் சொம்பில் பிடித்தார்கள். அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. நாகவல்லிக்கு அன்றைக்கு என்ன உற்சாகமோ, உடைத்த இரண்டு மூடிகளையும் எடுத்து மறுபடி தட்டில் வைத்தாள்.

"தண்ணியெல்லாம் பூட்ச்சே, புள்ள எவ்ளோ எளைச்சிருக்குதுன்னு பாப்போம். அமுக்கு சுரேகா."

சுரேகா சிரித்துக்கொண்டே அமுக்கினாள். சீட்டு வந்தது. எடை 486, மாற்றம் 0.

"பாத்தியா!" நாகவல்லி சீட்டைத் தூக்கிக் காட்டினாள். "நம்ம கைல வளந்த புள்ள, ஒண்ணும் கொறையல!"

ஷெட்டே சிரித்தது. பக்தவத்சலம்கூடச் சிரித்தார். சுரேகாவும் கூடச் சேர்ந்து சிரித்தவள்தான், பாதியில் சிரிப்பு நின்றுபோனது. 612-லிருந்து 486. மாற்றம் என்று நூற்றுச் சொச்சம் குறைந்ததாக அல்லவா வர வேண்டும்? பூஜ்யம் எப்படி வரும்?

 சுற்றிலும் பார்த்தாள். யாரும் கவனிக்கவில்லை. டிரைவர் ஹாரன் அடித்தார். வாயைத் திறந்தால் இந்த வேலை போகலாம். மறுபடி வீடு, மறுபடி அந்தக் கேள்வி. வாயை மூடிக்கொண்டால் வண்டி போய்விடும், திங்கட்கிழமை சத்தமில்லாமல் வேறு புரோகிராம் கொண்டுபோய் ஏற்றிவிடலாம். இடையில் சனி, ஞாயிறு. அந்த இரண்டு நாளும் வார்டில் இருக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் மெஷின் பூஜ்யம், பூஜ்யம் என்று சொல்லிக்கொண்டிருக்கும். நர்ஸும் நிம்மதியாக அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவாள்.

"சார், வண்டிய அனுப்பாதீங்க."

"இன்னாம்மா சொல்ற?"

சுரேகா இரண்டு சீட்டுகளையும் அவர் கையில் வைத்தாள். அவர் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. பிறகு கத்த ஆரம்பித்தார், அதில் அவருக்குக் குறைவே கிடையாது. "நாள் பூரா கல்ல வெச்சி வெச்சி எடுத்தமே, அப்பல்லாம் இன்னா பண்ணிகினு இருந்த?"

"கல்லு எளைக்காதுங்களே சார்."

திமிராகச் சொல்லவில்லை. அந்த நிமிஷம்தான் அவளுக்கே அது உறைத்தது. பக்தவத்சலம் எடைக்கல்லைத் திரும்பிப் பார்த்தார்.

அப்போது நாகவல்லி குறுக்கே வந்தாள். விஷயம் அவளுக்குப் புரியவில்லை, நேரம் மட்டும் புரிந்தது. "சார், மணிய பாத்தியா? ராவு காலம் பொறந்துடும். இனிமே நீயே அனுப்புறேன்னாலும் நா உட மாட்டேன். பன்னெண்டுக்கு மேல போவட்டும்."

ராகு காலத்தை வாழ்த்தியவர்கள் உலகத்தில் உண்டா தெரியவில்லை. சுரேகா வாழ்த்தினாள். ஒன்றரை மணி நேரம் கிடைத்ததே!

மேஜைக்குப் போய் உட்கார்ந்தாள்.  லேப்டாப்பில் அதே 612, அதே 486 கொடுத்தாள். மாற்றம் -126 என்று சமர்த்தாக வந்தது. போர்டில் கொடுத்தாள். பூஜ்யம். பழைய எடை சரியாகப் பதிவாகவில்லையோ என்று அங்கே தேடினாள், சரியாகத்தான் இருந்தது. கழித்தல் தப்போ என்று பார்த்தாள், அதுவும் சரி. பாதி நேரம் இப்படியே போனது. கடைசியில், எடையை விட்டுவிட்டு மாற்றத்தை மட்டும் தனியாக ஒரு வரியில் அச்சடிக்கச் சொன்னாள். -126 வந்து விழுந்தது.

ஆக, கணக்கு சரி. அச்சடிக்கிற வரியில்தான் கோளாறு. அந்த வரியை முறைத்துப் பார்த்தாள். எடைக்கு ஒரு %d, மாற்றத்துக்கு ஒரு %d. லேப்டாப்பில் எத்தனையோ தடவை சரியாக வந்த வரி.

பிறகு பொறி தட்டியது. %d என்று எழுதினால், "இங்கே ஒரு சாதா முழு எண் வருகிறது, எடுத்து அச்சடி" என்று பொருள். சாதா முழு எண் என்பது எவ்வளவு பெரியது? அது மெஷினுக்கு மெஷின் வேறுபடும். அவள் லேப்டாப்பில் அதற்கு நான்கு பைட் இடம். இந்தக் குட்டி போர்டில் இரண்டே பைட். அவள் அனுப்பியதோ இரண்டு இடத்திலும் நான்கு பைட் எண்கள்.

ஷேர் ஆட்டோவில் நடக்கிற கூத்துதான். ஒரு குடும்பத்தில் நான்கு பேர் ஏறியிருக்கிறார்கள், டிரைவரிடம் இரண்டு பேர் என்று சொல்லியாகிவிட்டது. முதல் ஸ்டாப்பில் இரண்டு பேரை இறக்கிவிட்டு வண்டியை எடுத்துவிடுகிறார். மிச்ச இரண்டு பேர், அடுத்த ஸ்டாப்பில் வேறு யாரோ இறங்க வேண்டிய இடத்தில் இறங்கி நிற்கிறார்கள். உண்மையில் அங்கே இறங்க வேண்டியவர் கடைசிவரை வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். எடையின் முன்பாதி எடை என்ற இடத்தில் அச்சானது. சின்ன எடைதானே, அந்தப் பாதியே முழு எடையைச் சொல்லப் போதுமாக இருந்தது. ஒன்றுமில்லாத மறுபாதி, மாற்றம் என்ற இடத்தில் பூஜ்யமாக வந்து நின்றது. நிஜமான மாற்றம் வெளியே வரவே இல்லை. தப்பான எண் ஏதாவது கோணல்மாணலாக வந்திருந்தால் யாராவது கேட்டிருப்பார்கள். பூஜ்யத்தை யார் சந்தேகப்படுவார்கள்?

எழுதிய புரோகிராமை மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றுகிற கம்பைலரே இந்த மாதிரிப் பிசகை எச்சரிக்கும். ஏன் எச்சரிக்கவில்லை என்று பார்த்தால், எச்சரிக்கைகள் மொத்தமாக மூடிக் கிடந்தன. திறந்துவிட்டு ஓட்டினாள். அந்த வரியைச் சுட்டிக்காட்டி, பளிச்சென்று வந்தது. முதுகுக்குப் பின்னால் பக்தவத்சலம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"பழைய புரோகிராம்ல பக்கம் பக்கமா வார்னிங்கா வந்துகினே இருந்துச்சி," என்றார் குரல் இறங்கி. "தொல்ல தாங்காம மூட சொன்னது நான்தாம்மா."

 சுரேகாவின் கை, பெரிய முழு எண்ணுக்கான %ld என்று எழுதப் போனது. இந்த போர்டுக்கு அது போதும். வண்டியும் கிளம்பிவிடும். ஆனால் ஆபீசில் மூலையில் இருக்கிற இன்னொரு கம்ப்யூட்டரில் அந்த ld எட்டு பைட். நாளைக்கு யாராவது அதில் ஓட்டினால் இதே வம்பு தலைகீழாக வரும். நான்கு பைட் எண்ணுக்கென்றே சி-யில் PRId32 என்று ஒரு பெயர் உண்டு. எந்த மெஷினில் இருக்கிறோமோ அதற்குத் தகுந்த எழுத்தை அதுவே எடுத்துக்கொள்ளும். பார்க்க அழகாக இருக்காது. அழகு யாருக்கு வேண்டும்? அதையே போட்டாள். அப்புறம் ஒவ்வொரு வரியாகப் போனாள். கட்டில் எண் ஒருநாளும் மைனஸில் போகாது, அதற்கு u வகை. எடையும் மாற்றமும் குறி உள்ளவை, அவற்றுக்கு d வகை. இது எத்தனை பைட், இது பூஜ்யத்துக்குக் கீழே போகுமா என்று ஒவ்வொரு எண்ணையும் நிறுத்திக் கேட்டுவிட்டுத்தான் விட்டாள்.

புதிதாக ஏற்றி, இரண்டு மூடிகளையும் தட்டில் வைத்து நிறுத்தாள். ஒன்றை எடுத்துவிட்டு மறுபடி நிறுத்தாள். எடை 241, மாற்றம் -245. அந்த மைனஸைப் பார்த்ததும் சுரேகாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"இந்தத் துக்குனூண்டு கோட்டுக்கா இவ்ளோ கலாட்டா?" என்றாள் நாகவல்லி.

"அக்கா, நீங்க மட்டும் திரும்ப நிறுக்கலன்னா..."  சுரேகா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒங்களுக்குக் கோடி புண்ணியம்க்கா."

"அட, நா வெளாட்டுக்குப் பண்ணேன்டி! உடு, சாப்புடு மொதல்ல. ஊட்லேந்து வத்தக்கொழம்பு எடுத்தாந்துகீறேன்."

பக்தவத்சலம் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்துகொண்டிருந்தார். "லேட்டாவும் மேடம். எங்க புரோகிராம்ல ஒரு தப்பு இருந்துச்சி. நாங்களே கண்டுபுடிச்சி சரி பண்ணிட்டோம்." எங்க புரோகிராம் என்றார், நாங்க என்றார். புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள், அவள் செய்த வேலை என்று ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. போனை வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "இன்னா நிக்கிற? அடுத்த மெஷின் கறிக்கடைக்கு. அதையும் நீதான் எழுதணும். இனிமே வார்னிங்க மூடுனா, மூடுறவன் கைய ஒடிச்சிடுவேன், நானா இருந்தாலும் சரி."

பன்னிரண்டு தாண்டி வண்டி கிளம்பியது. வேலை நிலைத்தது. அன்றைக்கு மட்டும் சுரேகா முணுமுணுக்காமல் ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

அடுத்த வாரம் ஒரு காலை ஜோதிகாவிடமிருந்து போன் வந்தது.

"மேடம், ஒங்க மெஷின் கெட்டுப்போச்சுன்னு நெனைக்கிறேன். ஒரு கொழந்தைக்கு மைனஸ் இருநூத்தி பத்துன்னு காட்டுது. ஒரே நாள்ல அவ்ளோல்லாம் எறங்காது. கொழந்த அழக்கூட இல்ல, சமத்தா தூங்கிகினு கீது."

பழைய சுரேகாவாக இருந்தால் அங்கேயே மயங்கி விழுந்திருப்பாள். இப்போது கேட்க வேண்டியதைக் கேட்டாள். பிரிக்காத குளுக்கோஸ் பாட்டில் ஒன்றை இரண்டு தடவை நிறுத்துப் பார்க்கச் சொன்னாள். இரண்டு தடவையும் ஒரே எடை. குழந்தையை மறுபடி நிறுக்கச் சொன்னாள். முதலில் காட்டிய அதே எடை. நேற்றைய சீட்டைத் தேடிக் கழித்துப் பார்க்கச் சொன்னாள். கழித்தாலும் அதே இருநூற்றுப் பத்துதான் வந்தது.

"சிஸ்டர், மெஷின் சரியாத்தான் கீது. கொழந்ததான் எளைச்சிருக்குது. டாக்டரக் கூப்புடுங்க."

போன் பட்டென்று வைக்கப்பட்டது. அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. மறுநாளும் ஓடவில்லை. போன் செய்து கேட்கட்டுமா என்று எழுந்தவளை, "அவங்க வேலைய பாக்க உடும்மா" என்று பக்தவத்சலம் உட்கார வைத்தார். ஆனால் அவரும் அவள் போன் அடிக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தார்.

அதற்கு அடுத்த நாள் சாயங்காலம், ரயில் பிளாட்பாரத்தில் நுழைகிற சமயம் பார்த்து ஜோதிகா கூப்பிட்டாள். சுரேகா ஒரு காதைப் பொத்திக்கொண்டாள். குழந்தைக்குப் பால் குடிக்கவே தெம்பில்லாமல்தான் தூங்கிக்கொண்டே இருந்ததாம். டாக்டர் வந்து பார்த்து, சின்னப் பாலாடைக் கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டச் சொன்னாராம். நேற்று ராத்திரி முழுக்க ஒரே அழுகையாம், வார்டே தூங்கவில்லையாம்.

"இன்னிக்கு அறுவது கிராம் ஏறிச்சு மேடம். அவங்கம்மா மெஷின்காரங்களுக்கு தேங்க்ஸ் சொல்லச் சொல்லிச்சு."

சுரேகாவுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. "தேங்க்ஸ் சிஸ்டர். ரொம்ப ரொம்ப தேங்க்ஸ்."

"அய்யே, அத நாங்கதான மேடம் சொல்லணும்? நீங்க எதுக்கு சொல்றீங்க?"

 ரயில் வந்து நின்றது, ஜனம் இடித்துக்கொண்டு ஏறியது. அவள் ஏறவில்லை. அந்த வெள்ளிக்கிழமை நாகவல்லி தேங்காயை மறுபடி நிறுக்காமல் வண்டி நேரத்துக்குக் கிளம்பியிருந்தால், அழாமல் தூங்கிய அந்தக் குழந்தையின் சீட்டில் பூஜ்யம் இருந்திருக்கும். ஜோதிகா போன் செய்திருக்க மாட்டாள். எல்லாம் நன்றாக நடக்கிறது என்று நாமும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்த் தோசை தின்றிருப்போம் என்று நினைத்தபோது, சுரேகா பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.